போர் முடிந்து இத்தனை வருடம் ஆகியும் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்கள் ஏன் ஊர் திரும்பவில்லை?

"2009-லேயே சண்டை நின்னு போச்சு, இன்னும் ஏனுங்க இங்கயே இருக்கறாங்க?" சத்தியமங்கலம் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்தால் இந்தக் கேள்வி காதில் விழும். பக்கத்திலேயே பவானிசாகர் அகதிகள் முகாம் இருக்கிறது. அரச்சலூரிலும் கோவை பூலுவப்பட்டியிலும் உண்டு. போவதற்கு ஊர் இருந்ததா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

மயிலிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் நடுவில் இருக்கிற கடலோர ஊர். மீன்பிடித் துறைமுகத்தால் நன்றாக வாழ்ந்த ஊர். 1990 ஜூனில் மறுபடி போர் மூண்டதும் மயிலிட்டி அடங்கிய வலிகாமம் வடக்குப் பகுதி மக்கள் கையில் கிடைத்ததோடு வெளியேறினார்கள். பலாலி ராணுவத் தளத்தைச் சுற்றிய பகுதி உயர் பாதுகாப்பு வலயமானது. வீடு, தோட்டம், கோயில் எல்லாம் வேலிக்கு உள்ளே. காணி உறுதி, அதாவது நம்மூர்ப் பத்திரம், கையில் இருந்தும் உள்ளே கால் வைக்க முடியாது. போர் முடிந்து எட்டு வருடம் கழித்து, 2017 ஜூலையில்தான் துறைமுகத்தையும் அதையொட்டி 54 ஏக்கரையும் விட்டார்கள். அதற்குள் 27 வருடம் ஓடிவிட்டது.

எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்த முகாம் அண்ணன் ஒருவரிடம் இதைப் பேசியபோது, "காணி விட்டாலும் வீடு கட்டக் காசு வேணும் தம்பி. பிள்ளையளுக்கு அந்த ஊரையே தெரியாது" என்றார். அவர் பிள்ளைகள் பேசுவது அச்சு அசல் கொங்குத் தமிழ்!

காணியே இல்லாதவர்களும் முகாம்களில் இருக்கிறார்கள். மலையகத் தமிழர்களில் பலர் 1977, 1983 கலவரங்களில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் ஒதுங்கி, அங்கேயும் போர் துரத்த இங்கே வந்தவர்கள். எந்த ஊருக்குத் திரும்பச் சொல்வது? (1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி வந்து கோத்தகிரி, கூடலூரில் குடியேறியவர்கள் வேறு, அவர்களுக்கு இந்தியக் குடியுரிமை உண்டு.)

திரும்பிப் போனவர்களும் இருக்கிறார்கள். ஐ.நா. அகதிகள் அமைப்பு அவர்கள் பயணத்துக்கு உதவியிருக்கிறது. ஆனால் இங்கே பிறந்த பிள்ளைக்கு முதலில் இலங்கைக் குடியுரிமையைப் பதிய வேண்டும். அதற்குப் பெற்றோரின் பழைய காகிதங்கள் தேவை. ஓடி வந்தவர்களில் எத்தனை பேர் அதையெல்லாம் எடுத்து வந்திருப்பார்கள்?

போக நினைப்பவரை அனுப்பி வைக்கலாம், இருக்க நினைப்பவருக்குக் குடியுரிமை கொடுக்கலாம் என்பது என் கருத்து. சட்டம் அப்படி இல்லை. 1987 ஜூலைக்கு முன் பிறந்தவர்களைத் தவிர, இந்த மண்ணில் பிறந்ததால் மட்டும் அந்தப் பிள்ளைகள் இந்தியர் ஆகிவிடுவதில்லை. 2019 குடியுரிமைத் திருத்தமும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது.