வாசகர் கேள்வி–பதில்: இத்தாலிய மலையில் நான்கு நாள் பனிச்சறுக்கு

கேள்வி: என் தம்பி குடும்பத்துடன் இத்தாலியின் வெரோனா நகரில் வசிக்கிறான். வருகிற டிசம்பர் விடுமுறையில் என் கணவர், 14 வயது மகள், 9 வயது மகன் ஆகியோருடன் பத்து நாட்களுக்கு அவனிடம் போக எண்ணியிருக்கிறோம். அதில் மூன்று நான்கு நாட்களைப் பனிச்சறுக்குக்கு ஒதுக்கியே ஆகவேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதமாக நிற்கிறார்கள். எங்களில் எவரும் பனிமலையைக் கண்ணால் கண்டதில்லை. ஒலிம்பிக் நடந்த கோர்த்தினாவுக்கே போகலாமா?
— ஆசிரியை ஒருவர், ஹட்டன்

பதில்: கோர்த்தினா தம்பெசோவின் பெயர் பெரிது. 1956இல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர் அது. 2026ஆம் ஆண்டுப் போட்டியும் மிலானோவுக்கும் அதற்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. ஆனால், முதன்முறை சறுக்கப் போகிறவர் நாள் முழுவதும் நிற்கப்போவது ஒரு பள்ளிக்கூட மைதானம் அளவேயான மென்சரிவில்தான். அந்தச் சரிவு எந்த ஊரில் இருந்தாலும் ஒன்றுதான்; பெயர் பெற்ற ஊரில் அறை வாடகை மட்டும் கூடும். போதாததற்குக் கோர்த்தினாவுக்கு ரயில் இல்லை. நுவரெலியாவைப் போலவே அதற்கும் ஒரு காலத்தில் குறுகிய ரயில் பாதை ஒன்று இருந்து மூடப்பட்டது. நமக்கு நானுஓயா எப்படியோ, அவர்களுக்குக் கலால்சோ அப்படி: அங்கே இறங்கி, மிகுதித் தூரத்தை பஸ்ஸில்தான் போகவேண்டும்.

நான் மூன்று குளிர்காலங்கள் வட இத்தாலியிலுள்ள கார்தேனா பள்ளத்தாக்கின் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தவன். குறுகிய நாட்களுக்கு வந்து மனம் வாடித் திரும்பிய குடும்பங்கள் பலவற்றைக் கண்டிருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் ஊரைத் தெரிவு செய்வதில் பிழைவிட்டவர்கள் அல்லர். கிழமையைத் தெரிவு செய்வதில் பிழைவிட்டவர்கள். பெரும்பாலான பனிச்சறுக்குப் பள்ளிகளில் தொடக்கநிலைக் குழு வகுப்புகள் ஞாயிறு அல்லது திங்கள் காலையில் ஆரம்பமாகின்றன. வியாழக்கிழமை போய் இறங்குகிறவருக்கு அந்த வகுப்பில் இடம் கிடைக்காது. தனிப் பயிற்றுநரை அமர்த்தவேண்டி வரும். அதற்கான ஒரு மணி நேரக் கட்டணம் 50 யூரோவுக்குக் குறைவது அரிது. ஆகவே நீங்கள் ஞாயிறு பிற்பகல் போய்ச் சேர்ந்து, அன்று மாலையே காலணியும் சறுக்குப் பலகையும் வாடகைக்கு எடுத்து வைத்து, திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாட்களும் காலை வகுப்புக்குப் போய், வியாழன் திரும்புவதே சிக்கனம். வார இறுதிக் கூட்டமும் அந்த நாட்களில் இராது.

அடுத்தது, எந்த வாரம் என்பது. டிசம்பர் 8 இத்தாலியில் மாதா திருநாள் விடுமுறை. அதையொட்டி மலைகள் நிரம்பிவிடும். டிசம்பர் 26 முதல் ஜனவரி 6 வரை விலை உச்சத்தில் இருக்கும் என்பதோடு, பல ஹோட்டல்கள் முழு வாரத்துக்குக் குறைவாக அறை தருவதுமில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வாரம், அதாவது நத்தாருக்கு முந்திய வாரம், உங்களுக்குக் கிடைத்த வரம் என்றே சொல்வேன். அந்தக் காலத்தில் இயற்கைப் பனி குறைவாக இருக்கக்கூடும். ஆனால் கோர்த்தினாவும் கார்தேனாவும் அடங்கிய டொலொமிட்டி மலைகளில் பெரும்பாலான சறுக்கு ஓடுபாதைகளை இயந்திரங்கள் தூவும் பனி மூடியிருக்கும். நீர்த்துளிகளைக் குளிர்ந்த காற்றில் சிதறடித்து உறையச் செய்யும் முறை அது. காற்று போதிய அளவு குளிராவிட்டால் இயந்திரமும் கைவிட்டுவிடும் என்பதால் உயரமான இடத்தைத் தேடுவது நல்லது.

வெரோனாவிலிருந்து போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய இடம் அல்பே தி சியூசி. ஜெர்மன் மொழியில் சைஸர் அல்ம். மலையுச்சியில் விரித்த பாய்போலக் கிடக்கும், ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய உயர்மலைப் புல்வெளி அது. வெரோனாவிலிருந்து பொல்சானோ ஏறத்தாழ 150 கிலோமீற்றர், ரயில் உண்டு. அங்கிருந்து பஸ்ஸில் சியூசி கிராமம். கிராமத்திலிருந்து கேபிள் காரில் ஏறத்தாழ கால் மணி நேரத்தில் கொம்பாச்சோ என்ற மேல்தளம். கேபிள் காரை விட்டு இறங்கிய இடத்துக்கு அருகிலேயே, நகரும் விரிப்பில் ஏறி நின்று மேலே போகக்கூடிய தொடக்கநிலைச் சரிவுகள் இருக்கின்றன. கனத்த காலணியோடும் அழுகிற பிள்ளையோடும் பஸ்ஸுக்குக் காத்து நிற்காமல் இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது இரண்டாம் நாள்தான் விளங்கும்.

பெயர்ப்பலகைகளைக் கண்டு குழம்பவேண்டாம். முதலாம் உலகப் போருக்குப் பின்னரே இந்தப் பகுதி ஒஸ்திரியாவிடமிருந்து இத்தாலிக்கு வந்தது. ஆகையால் இத்தாலிய மொழியும் ஜெர்மனும் வழங்குகின்றன, கார்தேனா பள்ளத்தாக்கில் லதீன் என்ற சிறுபான்மை மொழியும் சேர்ந்துகொள்கிறது. நம் ரயில் நிலையப் பலகைகளில் மும்மொழி வாசித்துப் பழகிய உங்களுக்கு அது புதிதல்ல.

செலவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. டொலொமிட்டி சூப்பர்ஸ்கீ என்ற கூட்டமைப்பின் லிப்ட் சீட்டு, அதாவது சரிவின் மேலே ஏற்றிச் செல்லும் லிப்டுகளுக்கான சீட்டு, 12 பகுதிகளையும், ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் ஓடுபாதைகளையும் திறந்துவிடும். உச்ச பருவத்தில் அதன் ஒரு நாள் விலை 80 யூரோவைத் தாண்டும். உங்களுக்கு அது வேண்டவே வேண்டாம். தொடக்கநிலைச் சரிவுகளுக்கு மட்டுமான மலிவான சீட்டைக் கேளுங்கள். செல்லா மலையைச் சுற்றிவரும் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வட்டப் பாதையைப் பற்றி உங்கள் தம்பியின் நண்பர்கள் ஆசை காட்டுவார்கள். அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இத்தாலியில் நீல நிறம் எளிய பாதை, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். மூன்றாம் நாள் முடிவில் ஒரு நீலப் பாதையில் விழாமல் இறங்கினால் அதுவே வெற்றி.

காலணி வாடகைக் கடையில் கூச்சப்படாதீர்கள். என் முதல் நாளில், கால் வலிக்கிறது என்று நான் சொன்னதும் கடைக்காரர் ஒரு அளவு பெரியதைத் தந்துவிட, அன்று முழுவதும் என் கால் ஒரு பக்கமும் பலகை வேறொரு பக்கமும் போயின. நேராக நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தைத் தொடவேண்டும்; முழங்காலை மடக்கினால் விரல் பின்வாங்க வேண்டும்; குதிகால் மேலே எழும்பக்கூடாது. மெல்லிய காலுறை ஒன்று போதும். உடல் எடையை ஒளிக்காமல் சொல்லுங்கள். விழும்போது பலகை காலைவிட்டுக் கழன்றுகொள்ளும் பூட்டின் இறுக்கத்தை அதையும் கணக்கில் கொண்டுதான் அமைப்பார்கள்.

கேள்வி: நாங்கள் பிறந்ததிலிருந்தே நுவரெலியாக் குளிரில் வாழ்கிறோம். இத்தாலிய மலைக்குப் போகத் தனி உடுப்பு வேண்டுமா? அத்துடன், இவ்வளவு உயரத்தில் இருந்தும் இங்கே ஏன் பனி பெய்வதில்லை?
— வாசகர், நுவரெலியா

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், ஏனென்றால் உடுப்புக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது. உங்கள் ஊர் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். மேலே சொன்ன கொம்பாச்சோ ஏறத்தாழ 1,850 மீற்றர். கோர்த்தினாவோ 1,224 மீற்றர்தான். உயரத்தில் நீங்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். வேறுபாடு சூரியனில் இருக்கிறது. நாம் பூமத்திய ரேகையிலிருந்து 7 பாகை வடக்கே. அவர்கள் 46 பாகைக்கும் அப்பால். டிசம்பரில் அவர்களுக்குப் பகல் எட்டரை மணி நேரம்தான், சூரியனும் மலை முகட்டை ஒட்டியே சாய்ந்து போகிறது. ஜனவரி, பெப்ரவரியில் நம் ஊரில் விழும் துகள் உறைபனி, மேகமற்ற, காற்றற்ற இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு இழப்பதால் தரையை ஒட்டி மட்டும் உருவாவது; குளிர்ந்த காற்று தாழ்வில் தேங்குவதால்தான் பள்ளத்துக் கொழுந்து முதலில் கருகுகிறது. வெயில் ஏறியதும் அது மறைந்துவிடும். அங்கே மேகத்திலிருந்து தரைவரை காற்று முழுவதும் உறைநிலைக்குக் கீழே கிடப்பதால் பெய்த பனி மாதக்கணக்கில் நிற்கிறது.

நம் குளிர் ஈரக் குளிர். கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓரிடத்தில் உட்கார்ந்தால் அடங்கும். அங்கே வறண்ட குளிர், அதனுள் உடற்பயிற்சி. வியர்த்துக் கொட்டியபின் லிப்ட் நாற்காலியில் அசையாமல் பத்து நிமிடம் தொங்கும்போதுதான் ஆபத்து. பருத்திப் பெனியன் அந்த வியர்வையைப் பிடித்துவைத்து உடம்பை உறையவைக்கும். தோலை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது செயற்கை நூல் உள்ளாடை, அதன் மேல் ஒரு குளிர்ச்சட்டை, அதற்கும் மேலே காற்றும் நீரும் புகாத மேலங்கி என்று மூன்று அடுக்காக அணியுங்கள். மேலங்கியை உங்கள் ஊர்ச் சந்தைப் பக்கத்துக் கடைகளிலேயே நல்ல விலைக்கு எடுக்கலாம். நீர் புகாத காற்சட்டையையும் கையுறையையும் மட்டும் அங்கே பார்த்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கண்ணாடியும் வெயில் களிம்பும் வீண் அலங்காரமல்ல. புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 வீதம் வரை திருப்பி முகத்தில் அடிக்கும்.

கேள்வி: விசாவுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும்? விசாவுக்காக எடுக்கும் காப்புறுதி பனிச்சறுக்குக்கும் போதுமா?
— வாசகி, பண்டாரவளை

பதில்: இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு ஷெங்கன் விசா, அதாவது இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, தேவை. பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்னரே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களாவது இருக்கவேண்டும். முடிவு வழக்கமாக 15 நாட்களில் வரும், சில வேளைகளில் 45 நாட்கள் வரை இழுக்கும் என்பதால் கடைசி நேரம்வரை காத்திருப்பது விவேகமல்ல. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு 45 யூரோ. கடவுச்சீட்டு, நீங்கள் திரும்பும் நாளுக்குப் பின்னரும் மூன்று மாதங்கள் செல்லுபடியாக வேண்டும். உறவினர் வீட்டில் தங்குவதானால் அவருடைய அழைப்புக் கடிதத்தையும் மலையில் தங்கும் இரவுகளுக்கான ஹோட்டல் முன்பதிவையும் சேர்த்தே கொடுங்கள். இடையில் நான்கு நாட்கள் எங்கே என்ற கேள்விக்கு இடம் வைக்கக்கூடாது. விசா கைக்கு வரும்வரை, பணம் திரும்பக் கிடைக்காத முன்பதிவு எதையும் செய்யாதீர்கள். நீங்கள் போய்ச் சேர்ந்ததும் உங்களை வீட்டில் தங்கவைக்கும் உறவினர் 48 மணி நேரத்துக்குள் பொலிஸாருக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும் என்பது அங்குள்ள சட்டம். அதை அவருக்கு நினைவூட்டுங்கள்.

காப்புறுதியில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி வேண்டும். ஆனால் சாதாரணப் பயணக் காப்புறுதிகள் பலவற்றில் குளிர்கால விளையாட்டுகளை விலக்கும் வாசகம் சிறிய எழுத்தில் இருக்கும். முகவரிடம் வாயால் கேட்டால் போதாது. பனிச்சறுக்கும், மலையிலிருந்து மீட்டுக் கொண்டுவரும் செலவும் அடங்கும் என்று பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். இது உங்கள் காயத்துக்கு. நீங்கள் மோதி இன்னொருவர் காயப்பட்டால் அதற்கான பொறுப்புக் காப்புறுதி 2022 ஜனவரி 1 முதல் இத்தாலிய ஓடுபாதைகளில் கட்டாயம். சில யூரோக்களுக்கு லிப்ட் சீட்டுடனேயே அதை வாங்கலாம். தலைக்கவசம் முன்பு 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டும் கட்டாயமாக இருந்தது; 2025 நவம்பர் முதல் எல்லோருக்கும் கட்டாயம். மோதல் வழக்குகளில் முதலில் பார்க்கப்படும் விதி ஒன்று உண்டு: மேலிருந்து வருகிறவரே கீழே இருப்பவருக்கு வழிவிட்டு விலகவேண்டும். நம் மலைப்பாதையில் இறங்குகிற வண்டி, ஏறி வருகிற வண்டிக்கு ஒதுங்கி நிற்பதைப் போல என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் மறக்கமாட்டார்கள்.

கேள்வி: இறம்பொடை வளைவுகளில் இருபது ஆண்டுகள் வான் ஓட்டியவன் நான். அங்கே கார் வாடகைக்கு எடுத்து ஓட்டலாமா?
— வாசகர், அப்புத்தளை

பதில்: வளைவு உங்களை ஒன்றும் செய்யாது. ஆனால் அங்கே வலப்பக்க ஓட்டம், தரையில் உறைபனி, அத்துடன் குளிர்கால டயர் அல்லது சங்கிலி இல்லாமல் ஓட்டினால் தண்டம். அல்பே தி சியூசிக்கு ஏறும் பாதையும் பகல் வேளையில் தனியார் வாகனங்களுக்கு மூடப்படுகிறது. ரயிலிலும் பஸ்ஸிலும் போங்கள். அந்த மாகாணத்தில் பல தங்குமிடங்கள் விருந்தினருக்கு இலவசப் பயண அட்டை தருகின்றன. முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

கேள்வி: என் தாயாருக்கு 63 வயது. ஒவ்வொரு பருவமும் சிவனொளிபாதமலை ஏறுகிறவர். ஆனால் இப்போது முழங்கால் வலிக்கிறது. மரக்கறி உணவு மட்டுமே உண்பவர். அவரையும் மலைக்கு அழைத்துப் போகலாமா?
— வாசகி, தலவாக்கலை

பதில்: தாராளமாக அழைத்துப் போகலாம், பலகை மட்டும் அணிவிக்க வேண்டாம். தொடக்கநிலையில் கற்கும் ஆப்பு நிலை, அதாவது இரு பலகைகளின் முனைகளையும் குவித்து வேகத்தைத் தடுப்பது, முழங்கால்களில்தான் முழுப் பாரத்தையும் ஏற்றும். கேபிள் காரில் ஏறி, நடப்பவர்களுக்கென்று பனியை அழுத்திச் சமப்படுத்திய பாதைகளில் உலாவலாம். குதிரை பூட்டிய சறுக்கு வண்டியும் அல்பே தி சியூசியில் உண்டு. அடிப்பாகம் வழுக்காத, கணுக்கால் மூடிய சப்பாத்தும் ஒரு ஊன்றுகோலும் போதும். மாலை நான்கு மணியளவில் லிப்டுகள் நிற்கத் தொடங்கும். அதற்கு முன் இறங்கிவிடுங்கள்.

உணவில், இறைச்சி இல்லாமல் என்று சொன்னால் மட்டும் போதாது. ஸ்பெக் என்ற புகையூட்டிய பன்றி இறைச்சியைச் சிறு துண்டுகளாக்கி எதிலும் தூவுகிற வழக்கம் அங்கே உண்டு. அதைப் பெயர் சொல்லி மறுக்கவேண்டும். கனெதெர்லி என்ற பாண் உருண்டையில் பாற்கட்டி சேர்த்ததும் கீரை சேர்த்ததும் கிடைக்கும். அதன் ரசம் இறைச்சியில் காய்ச்சியதா என்று கேட்டுவிட்டு உண்ணச் சொல்லுங்கள். சோளமாக் களியான பொலெந்தா அவருக்குப் பிடித்துப்போகும். இங்கிருந்து கறிவேப்பிலைக் கட்டோ பால்மாவோ கொண்டுபோகாதீர்கள். ஐரோப்பிய விமான நிலையங்களில் பறித்துவிடுவார்கள். தேயிலைத் தூளுக்குத் தடையில்லை. மலைக் குடில்களில் தேநீர் கேட்டால் வெந்நீர்க் குவளையில் ஒரு பையைத் தொங்கவிட்டுத் தருவார்கள் என்பதால், உங்கள் தோட்டத்து பி.ஓ.பி. தூளில் ஒரு பொட்டலமும் சிறிய வடியும் தாயாரின் பையில் இருக்கட்டும்.