பிரிட்ஜ் ஏலத்தில் 4 நோ ட்ரம்ப்: கேள்வி பதில்

கேள்வி: அகோல், ஸ்டாண்டர்ட் அமெரிக்கன் என்ற ஏல முறைகளில் எதைக் கற்கலாம்?

பதில்: உங்கள் கூட்டாளி ஆடும் முறையையே கற்றுக்கொள்ளுங்கள். 1 நோ ட்ரம்ப் (துருப்பு இல்லாத ஆட்டம்) என்று ஏலம் தொடங்குவது முன்னதில் பெரும்பாலும் 12–14 புள்ளி (ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1), பின்னதில் 15–17.

கேள்வி: கூட்டாளி 1 நோ ட்ரம்ப் சொன்னார். என்னிடம் ஸ்பேட் 4, ஹார்ட் 4, டைமண்ட் 5, கிளப் இல்லை, புள்ளி வெறும் 3. ஸ்டேமன் (ஹார்ட்டிலோ ஸ்பேடிலோ நான்கு சீட்டு உண்டா என்று 2 கிளப் சொல்லிக் கேட்பது) கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். நீங்கள் 2 கிளப் சொன்னால் அவர் 2 டைமண்ட், 2 ஹார்ட், 2 ஸ்பேட் ஆகியவற்றில் ஒன்றைச் சொல்வார்; எது வந்தாலும் பாஸ் சொல்லிவிடலாம். வரக்கூடிய ஒவ்வொரு பதிலுக்கும் அடுத்து என்ன செய்வது என்று முன்கூட்டியே தெரிந்தால் மட்டுமே எதையும் கேட்க வேண்டும்.

கேள்வி: நான் 1 ஸ்பேட், கூட்டாளி 3 ஸ்பேட். என் கையில் ஸ்பேட் ஏஸ், கிங், குயின், 8, 6, 4. ஹார்ட் 7, 3. டைமண்ட் ஏஸ், கிங், குயின். கிளப் கிங், 5. பிளாக்வுட் (எத்தனை ஏஸ் என்று 4 நோ ட்ரம்ப் சொல்லிக் கேட்பது) கேட்டேன், 5 டைமண்ட் வந்தது, 6 ஸ்பேட் (12 பிடி எடுக்க வேண்டிய ஸ்லாம்) ஏறினேன். எதிரணி ஹார்ட் ஏஸையும் கிங்கையும் எடுத்துவிட்டது. துரதிர்ஷ்டம்தானே?

பதில்: இல்லை. 5 டைமண்ட் அவரிடம் ஒரு ஏஸ் உண்டு என்று சொல்கிறது. அது ஹார்ட்டா கிளப்பா என்று சொல்வதில்லை. கிளப் ஏஸாக இருந்தால், இரண்டு சிறிய ஹார்ட் வைத்திருக்கும் நீங்கள் முதல் இரண்டு பிடிகளையும் இழக்கக்கூடும். 4 நோ ட்ரம்புக்குப் பதில் 4 கிளப் என்று கிளப் பிடிமானத்தை (ஏஸோ கிங்கோ இருப்பதை) காட்டியிருந்தால், ஹார்ட் ஏஸோ கிங்கோ இருக்கும் கூட்டாளி 4 ஹார்ட் சொல்லியிருப்பார்; இல்லாதவர் 4 ஸ்பேடில் நிறுத்தியிருப்பார்.

கேள்வி: ஐயா, இதை ஏற்க மாட்டேன். எங்கள் சங்கத்தில் எல்லோரும் உடனே 4 நோ ட்ரம்ப்தான் கேட்கிறார்கள். பெரும்பாலும் ஸ்லாமும் ஆகிறது.

பதில்: எதிரணி ஹார்ட் தொடங்காத நாள்களில் ஆகத்தான் செய்யும். இரண்டு ஏஸ் வெளியே இருக்கும்போது ஸ்லாம் ஏறாமல் தடுப்பதற்கே பிளாக்வுட் இருக்கிறது. ஸ்லாமுக்கு வலு போதுமா என்ற முடிவை அதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். ஒரு வகைச் சீட்டே கையில் இல்லாதபோதும் இதே சிக்கல்தான்: கூட்டாளியின் ஏஸ் அந்த வகையிலேயே இருந்தால் அதனால் பெரிய பயன் இல்லை.

கேள்வி: 20 புள்ளி இருந்தால் 4 நோ ட்ரம்ப் கேட்கலாமா?

பதில்: மேலே உள்ள கையில் 21 புள்ளி; அங்கேயே அது தவறான கேள்வியாயிற்றே.

கேள்வி: கிளப் துருப்பாக இருக்கும்போது?

பதில்: உங்களிடம் ஒரே ஏஸ் இருந்தால் கேட்காதீர்கள். 5 டைமண்ட் வந்துவிட்டால், அது 5 கிளப்பைவிட உயர்ந்த ஏலம் என்பதால், 5 கிளப்பில் நிற்க வழியில்லை. இரண்டு ஏஸ் வெளியே இருக்க 6 கிளப் ஆட வேண்டிவரும்.