பிஹெச்பி பிழைச் செய்தி லைவ் சைட்டில் எல்லார் கண்ணிலும் படுகிறது. எனக்கு மட்டும் தெரியும்படி செய்ய முடியுமா?

முடியும். பிஹெச்பியின் அமைப்புகள் இருக்கும் பிஹெச்பி.ஐஎன்ஐ கோப்பில் டிஸ்ப்ளே_எர்ரர்ஸ் ஆஃப், லாக்_எர்ரர்ஸ் ஆன், எர்ரர்_லாக் என்பதற்கு ஒரு கோப்பின் முழுப் பாதை. மூன்றே வரி. அதை எந்தக் கோப்பில் எழுதுவது என்று தெரியாமல்தான் எனக்கு ஒரு சனிக்கிழமை போச்சு.

பெங்களூரில் அல்சூர் பக்கம் ஒரு ஜவுளிக்கடை சைட்டை, வேறொருவர் விட்டுப்போன நிலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். சில்க் போர்டில் பஸ் நகராமல் நிற்கும்போது கடைக்கார அண்ணாச்சி போன் போட்டார். "தம்பி, புடவைப் படம் வரவேண்டிய இடத்துல என்னமோ இங்கிலீஷ்ல கொட்டிக் கிடக்கு, என்னன்னு பாருங்க."

ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன், வயிற்றைக் கலக்கியது. டேட்டாபேஸ் இணைப்பு கிடைக்கவில்லை, அதனால் எழுந்த பிழையை (எக்செப்ஷன்) கோடில் எங்கும் பிடிக்கவில்லை. பிழை எந்த வழியாக வந்தது என்று காட்டும் ஸ்டாக் டிரேஸில், டேட்டாபேஸோடு இணைக்கும் பிடிஓ-வுக்குக் கொடுத்த யூசர்நேமும் பாஸ்வேர்டும் பளிச்சென்று நிற்கின்றன. 15 எழுத்தைத் தாண்டினால் டிரேஸ் வெட்டிவிடும். எங்கள் பாஸ்வேர்டு 9 எழுத்து. பழைய 7.2 பதிப்பு அது. 8.2 முதல் பிஹெச்பியே பாஸ்வேர்டை மறைத்துவிடுகிறது. (அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றினேன், அது தனி.)

வீட்டுக்கு வந்து டெர்மினலில் எந்த ஐஎன்ஐ என்று கேட்டு, அது காட்டியதைத் திருத்தினேன். சைட்டில் ஒரு மாற்றமும் இல்லை. உபுண்டுவில் டெர்மினலுக்கு சிஎல்ஐ ஃபோல்டரில் ஒரு ஐஎன்ஐ, வெப்புக்கு பிஹெச்பியை ஓட்டும் எஃப்பிஎம்மின் ஃபோல்டரில் இன்னொன்று. நான் ராத்திரி 11 மணிவரை திருத்திக்கொண்டிருந்தது முதலாவதை! பிரவுசரில் பிஹெச்பியின் எல்லா அமைப்புகளையும் காட்டும் பிஹெச்பிஇன்ஃபோவை ஓடவிட்டு 'லோடட் கான்ஃபிகரேஷன் ஃபைல்' என்ற வரியைப் பாருங்கள், அது காட்டுவதைத் திருத்துங்கள். திருத்தியதும் எஃப்பிஎம்மை ரீலோட் செய்யணும்.

கோடின் தலையில், அமைப்பை அங்கேயே மாற்றும் ஐஎன்ஐ_செட் போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அரைகுறை வைத்தியம். அதே கோப்பில் ஒரு செமிகோலன் விட்டுப்போனால் கோப்பே ஓடாது, அதற்குள் இருக்கும் ஐஎன்ஐ_செட் எங்கே ஓடும்?

லாக் கோப்பை சைட்டின் பப்ளிக் ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள். யூஆர்எல் தெரிந்தவர்கள் படித்துவிடுவார்கள். அதில் எழுத வெப் சர்வர் யூசருக்கு அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். முக்கியமாக, அந்த பிஹெச்பிஇன்ஃபோ பக்கத்தை அழித்துவிடுங்கள். நான் மறந்துவிட்டேன். ரெண்டு நாள் கழித்து அதற்கும் அண்ணாச்சிதான் போன் போட்டார்.