யன்னலுக்கு வெளியே ஒரு பிடி சூரியகாந்தி விதை

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அம்மாவுக்கு கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இது முதல் பனிக்காலம். வெளியே போக வழியில்லாமல் யன்னலடியிலேயே இருக்கிறா. அவவுக்காகப் பின்வளவில் குருவிகளுக்குத் தீன் வைக்கும் ஒரு ஃபீடர் தொங்கவிட்டேன். மூன்று கிழமையாகியும் அணில்கள்தான் வருகின்றன. அம்மா மிஞ்சின சோற்றையும் பாணையும் பனியில் போடுகிறா. தீன் போட்டுப் பழக்கிவிட்டு இடையில் நிறுத்தினால் குருவிகள் செத்துப்போகும் என்கிறார் அயலவர். என்ன செய்யலாம்?

பதில்: அன்புச் சகோதரி, அயலவர் சொன்ன பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் இதையே சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 1992இல் வெளிவந்தது. பல வருடம் தீன் வைத்த இடத்தில் ஃபீடர்களை எடுத்த பிறகும், அங்கிருந்த சிக்கடி என்ற சின்னக் குருவிகள் ஃபீடரையே காணாத காட்டுச் சிக்கடிகளைப் போலவே குளிரைத் தாண்டின. ஊருக்குப் போவதென்றால் தாராளமாகப் போய் வாருங்கள். உறைமழை பெய்த மறுநாளும் மைனஸ் 20 பாகைக் குளிர் நாட்களிலும் மட்டும், வீட்டில் இருந்தால், ஃபீடரை வெறுமையாக விடாதீர்கள். அந்த நாட்களில் ஒரு பிடி விதை உண்மையாகவே உயிர் காக்கும்.

அம்மா சோறு போடுவது எனக்கு நன்றாகவே விளங்குகிறது. காகத்துக்கு வைக்காமல் சாப்பிடாத வீட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் இங்கே சோறு உறைந்து கல்லாகிவிடும், பாணில் குருவிக்கு வேண்டிய கொழுப்பு இல்லை, மிச்சத்தைத் தேடி இரவில் ரக்கூனும் எலியும் வரும். நிலத்தில் தீன் போடுவதை ரொறன்ரோ மாநகர விதியும் விடாது. பாட்டுக்குருவிகளுக்கு உயரத்தில், துப்புரவாக ஃபீடர் வைக்கலாம், அவ்வளவுதான். சோற்றுக்குப் பதிலாக அம்மாவின் கையில் கறுப்புச் சூரியகாந்தி விதையைக் கொடுங்கள். கோது மெல்லியது, எண்ணெய் நிறைய. மலிவான கலவைப் பைகளில் சிவப்புச் சோளமும் கோதுமையும்தான் நிறைய. இங்கத்தைய குருவிகள் பல அதைக் கிளறிக் கொட்டிவிட்டுப் போகும்.

அணிலுக்கு: மரத்திலிருந்தும் வேலியிலிருந்தும் 3 மீற்றராவது தள்ளி ஒரு கம்பம், நடுவில் கவிழ்த்த கூம்புத் தகரம். மிளகாய்த்தூள் தூவச் சொல்வார்கள். குருவிக்கு மிளகாய் உறைக்காது, அணிலுக்கு உறைக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் காற்றில் தூள் பறந்து கண்ணில் படும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை.

இனி நான் உங்களிடம் மன்றாடிக் கேட்பது. ஃபீடரை யன்னலுக்கு மிகக் கிட்ட, ஒரு மீற்றருக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் 10 மீற்றருக்கு அப்பால். நடுத்தரமான தூரம்தான் ஆபத்து, பறந்து வரும் வேகத்தில் கண்ணாடியில் மோதிவிடும். என் முதல் வருடம் நாலு மீற்றரில் வைத்தேன். தை மாதத்தில் ஒரு காலை ஒரு ஜன்கோக் குருவி மோதி விழுந்தது. காகிதப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன், பிழைக்கவில்லை. அதன் பிறகு கண்ணாடியின் வெளிப்பக்கம் 5 சென்ரிமீற்றர் இடைவெளியில் புள்ளிகள் ஒட்டியிருக்கிறேன். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஃபீடரை ஒன்பது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு பிளீச் கலந்து கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். அழுக்கு ஃபீடரால் கண்நோயும் சல்மொனெல்லாவும் பரவும்.

மூன்று கிழமை பெரிய காலமில்லை. பெரும்பாலும் முதலில் கண்டுபிடிப்பது சிக்கடிதான்: கறுப்புத் தொப்பி, கறுப்புக் கழுத்து, வெள்ளைக் கன்னம். ஏறத்தாழ இரண்டு லூனி (ஒரு டொலர்) நாணயங்களின் பாரம்தான். ஒரே ஒரு விதையை எடுத்துக்கொண்டு கொப்புக்குப் பறக்கும், காலால் அழுத்திப் பிடித்துக் கொத்தி உடைக்கும். மிச்சத்தைப் பட்டை இடுக்குகளில் ஒளித்து வைத்து, பிறகு நினைவாக வந்து எடுக்கும். கடுங்குளிர் இரவுகளில் தன் உடல் வெப்பத்தையே ஏறத்தாழ 10 பாகை இறக்கிக்கொண்டு உறங்கும். அம்மாவுக்கு இதைச் சொல்லிவிட்டுக் காட்டுங்கள்; பிறகு அவ அதைப் பார்க்கும் விதமே வேறாக இருக்கும்.

அவவிடம் ஒரு கொப்பியும் கொடுங்கள். 1976இல் இதே ஒன்ராறியோ மாகாணத்தில் தொடங்கிய ஃபீடர் கணக்கெடுப்பு, இன்று புரொஜெக்ட் ஃபீடர்வாட்ச் என்ற பெயரில் வட அமெரிக்கா முழுவதும் கார்த்திகையிலிருந்து சித்திரை வரை நடக்கிறது. கனடாவில் பேர்ட்ஸ் கனடா என்ற அமைப்பு நடத்துகிறது. அடுத்தடுத்த இரண்டு நாள் பார்த்து, ஒவ்வொரு இனத்திலும் ஒரே நேரத்தில் கண்ட ஆகக்கூடிய எண்ணிக்கையைக் குறிக்க வேண்டும். வந்ததையே திரும்ப எண்ணாதபடி அந்த முறை. அம்மா தமிழில் எழுதட்டும், இணையத்தில் நீங்கள் பதியுங்கள். யன்னலடியில் இருப்பது அப்போது அவவின் வேலையாகிவிடும்.

சிவப்புக் கார்டினல் குருவியை அவ கட்டாயம் கேட்பா. அது பெரும்பாலும் விடியும் நேரமும் மைம்மலிலும்தான் வரும், பழுப்பு நிறப் பேடும் கூடவே இருக்கும். காலைத் தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, சமையலறை விளக்கை மட்டும் போடாமல் விடுங்கள்.