பிரசவத்தோடு போய்விட்டதா சர்க்கரை?

கேள்வி: எனக்கு வயது 29. ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையில் வேலை. ஏழாம் மாதத்தில் சர்க்கரை இருப்பதாகச் சொல்லி, பிரசவம் வரை இன்சுலின் போட்டார்கள். குழந்தை பிறந்ததும் நிறுத்திவிட்டார்கள். இப்போது குழந்தைக்கு ஐந்து மாதம். விடுப்பு முடியப் போகிறது. ‘பிள்ளையோடு வந்த சர்க்கரை பிள்ளையோடு போய்விட்டது. பால் கொடுத்து உடம்பை உருக்கிக்கொள்ளாதே, டப்பாப் பாலுக்கு மாற்று’ என்கிறார் மாமியார். என்ன செய்வது? – வாசகி, குடியாத்தம்

பதில்: மாமியார் சொல்வதில் பாதி சரி. நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. நஞ்சு விழுந்ததும் அந்தத் தடை நீங்கிவிடும். ஊசி நின்றது அதனால்தான். ஆனால் இந்தத் தடை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் உண்டு. பெரும்பாலோரின் கணையம் இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்து சமாளித்துவிடுகிறது. உங்களுடையது திணறியது. அந்தக் கணையம் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது.

கர்ப்பத்தில் சர்க்கரை கண்டவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏழு மடங்குக்கும் அதிகம் என்றது 2009-ல் வந்த ஆய்வுத் தொகுப்பு. 2020-ல் வந்த இன்னொன்று கிட்டத்தட்ட பத்து மடங்கு என்றது.

வேலூரில் என்னிடம் வரும் தாய்மார்கள் குழந்தையின் தடுப்பூசி அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டு, மூலை மடங்காமல் எடுத்து நீட்டுவார்கள். ‘பிரசவத்துக்குப் பிறகு உங்களுக்குச் சர்க்கரை பார்த்த சீட்டு?’ என்று கேட்டால் கணவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் வண்டிப் பெட்டியைத் துழாவப் போவார். ஒன்றும் இருக்காது. ஆறாம் வாரத் தடுப்பூசிக்குப் போன அன்றே தாய்க்கும் இந்தப் பரிசோதனையை முடித்திருக்கலாம். நீங்களும் தவறவிட்டிருந்தால் இந்த வாரமே செய்துகொள்ளுங்கள்.

இப்போது பாலுக்கு வருகிறேன். 100 மில்லி தாய்ப்பாலில் சுமார் 7 கிராம் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை இருக்கிறது. குழந்தை நாளுக்கு முக்கால் லிட்டர் குடித்தால் 50 கிராமுக்கு மேல். அதில் பெரும்பகுதி உங்கள் ரத்தத்துக் குளுக்கோஸிலிருந்து செய்யப்படுவது. இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே மார்பகம் அதை இழுத்துக்கொள்கிறது. திணறிய கணையத்துக்கு இது நல்ல ஓய்வு. பால் சுரக்க நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி செலவாகிறது. கர்ப்பத்தில் உடம்பு கொழுப்பைச் சேர்த்து வைத்ததே இதற்காகத்தான். உருகட்டும், அம்மா.

அமெரிக்காவில் 1,200-க்கும் மேற்பட்ட பெண்களை 30 ஆண்டுகள் கவனித்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், மொத்தம் ஆறு மாதமோ அதற்கு மேலோ பால் கொடுத்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, கொடுக்காதவர்களைவிட 47 சதவீதம் குறைவாக இருந்தது. பால் கொடுப்பவர்கள் மற்றப் பழக்கங்களிலும் கவனமாக இருக்கலாம் என்பதால் முழுப் பெருமையையும் நான் பாலுக்கே கொடுக்க மாட்டேன். பால் போதாமல் டப்பாவுக்குப் போன தாய்மார்கள் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டியதும் இல்லை. கர்ப்பச் சர்க்கரை இருந்தால் பால் இறங்கவே தாமதமாகலாம்.

வேலைக்குத் திரும்புவதற்காகப் பாலை நிறுத்தாதீர்கள். 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்பது சட்டம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க இரண்டு இடைவேளையும் உண்டு. மேற்பார்வையாளரிடம் தயங்காமல் கேளுங்கள். பாலைப் பீய்ச்சி வைப்பதானால் ஐஸ் பை வேண்டும். நம் ஊர் வெயிலில் வெளியே வைக்கக் கூடாது.

பிரசவ லேகியத்தில் இருப்பது கருப்பட்டியானாலும் வெல்லமானாலும் சர்க்கரைதான். கேழ்வரகுக் களியும் மாவுச்சத்துதான். கீரைக் கடைசலோடு ஒரு சின்ன உருண்டை போதும். சோற்றுக்குப் பதில் களி என்று சொல்லிவிட்டுத் தேங்காய் அளவு உருண்டையை விழுங்குகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

பரிசோதனை இதுதான்: இரவு சாப்பிட்டபின் எட்டு மணி நேரம் வெறும் வயிறு, ஒரு முறை ரத்தம், 75 கிராம் குளுக்கோஸ், இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம். இரண்டாவது அளவு 140-க்குக் கீழே என்றால் இயல்பு. 200-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். இடையில் என்றால் எச்சரிக்கை. இயல்பாக வந்தாலும் ஆண்டுக்கொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த குழந்தைக்கு எண்ணும்போது கட்டாயம் பாருங்கள். பரிசோதனைக்குப் போகும்போது குழந்தையையும் தூக்கிச் செல்லுங்கள். இரண்டு மணி நேரத்தில் அதற்குப் பசிக்கும். பால் கொடுக்கத் தடையில்லை.