பனி இறங்கினால் நெட் அறுகிறது: கோளாறு எங்கே?

கேள்வி: ஏற்காடு நாகலூரில் இருக்கிறோம். மோடம் முன்வீட்டில் இருக்கிறது. பின்னால் தனியாகக் கட்டிய அறையில் மருமகள் கம்ப்யூட்டர் வைத்து வேலை பார்க்கிறாள். நடுவே 40 மீட்டர் லேன் கேபிள், சில்வர் ஓக் மரத்தில் கட்டி இழுத்திருக்கிறோம். பகலில் நன்றாக ஓடுகிறது. மாலையில் பனி இறங்கினாலோ மழை பிடித்தாலோ நெட் விட்டுவிட்டு வருகிறது. அந்த நேரத்திலும் முன்வீட்டில் செல்போனுக்கு வைஃபை ஒழுங்காகக் கிடைக்கிறது. கம்பெனிக்காரர்கள் இரண்டு முறை வந்து பார்த்து, தங்கள் பக்கம் சரி என்று சொல்லிவிட்டார்கள். மோடத்தை மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. கம்ப்யூட்டரில் அறுகிற அதே நிமிடம் வைஃபை ஓடுகிறது என்றால், வீட்டுக்கு வரும் ஃபைபர் நலமாக இருக்கிறது. மோடத்தின் லேன் துளையிலிருந்து கம்ப்யூட்டர் வரைக்கும்தான் தேட வேண்டும். பனியோடு சேர்ந்து வருவதால் எனக்குக் கேபிள் மேல்தான் சந்தேகம். அதை உறுதி செய்துகொண்டு கை வையுங்கள்.

அடுத்த முறை அறுந்ததும் கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது என்று மருமகளைப் பார்க்கச் சொல்லுங்கள். 'கேபிள் செருகப்படவில்லை' என்ற பொருளில் செய்தி வந்து, மோடத்தில் அந்தத் துளையின் விளக்கும் அணைந்தால், கேபிள் வழியான தொடர்பே விட்டுப்போகிறது. விளக்கு எரிந்துகொண்டே 'இன்டர்நெட் இல்லை' என்று மட்டும் வந்தால், மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1, பிங் (சிறு தகவல் அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுத்துப் பாருங்கள். பதில் விடுபட்டால் அப்போதும் கேபிள் பக்கம்தான். பிறகு யாரிடமாவது ஒரு லேப்டாப் வாங்கி அதே கேபிளில் மாட்டுங்கள். அதிலும் அறுந்தால் மருமகளின் கம்ப்யூட்டர் மேல் குற்றமில்லை.

இன்னொரு தடயம், விண்டோஸின் ஈதர்நெட் பக்கத்தில் காட்டும் லிங்க் ஸ்பீட், அதாவது கேபிளில் இணைப்பு ஓடும் வேகம். லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். 1000 எம்பிபிஎஸ் வேகத்துக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு போதும். பகலில் 1000 காட்டி, பனி நேரத்தில் 100 காட்டினால் ஏதோ ஒரு ஜோடி பலவீனமாகிறது. சில கருவிகள் இப்படி 100-க்கு இறங்கிச் சமாளிக்கும். சில, 1000-க்கே முயன்று முயன்று அறுந்துகொண்டிருக்கும்.

இனி கேபிளுக்கு வருவோம். 100 மீட்டர் வரை ஓடக்கூடியது என்பதால் உங்கள் 40 மீட்டர் ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் நடுவில் ஜாயின்ட் இருக்கிறதா? இருந்தால் முதலில் அதைப் பிரித்துப் பாருங்கள். இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தாலும் மலைப் பனியின் ஈரம் உள்ளே புகுந்துவிடும், வெளியே வர வழியிருக்காது. பின்களில் பச்சை பூத்திருந்தால் காரணம் அதுதான். காற்றில் மரம் ஆடும்போதெல்லாம் அந்த ஜாயின்ட் இழுபடுகிறது என்பதையும் மறக்காதீர்கள். வீட்டுக்குள் போடும் சாதா கேபிளை வெயிலில் விட்டால் மேலுறை நாளடைவில் வெடிக்கும். வெடிப்பு வழியாக இறங்கும் நீர் உள்ளேயே ஊர்ந்து கடைசிப் பிளக் வரை போகும்.

ஜாயின்ட்டை மட்டும் மாற்றி ஒப்பேற்றாதீர்கள். சேலத்துக்கு இறங்கும்போது வெளிப்புறத்துக்கென்றே வரும் கறுப்பு உறைக் கேபிளை ஒரே நீளமாக வாங்குங்கள். முழுச் செம்பா என்று கேளுங்கள். கம்பியைக் கத்தியால் சுரண்டி, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். வளைத்தால் சீக்கிரம் ஒடியும். அறைக்குள் நுழையும் துளைக்கு முன்னால் கேபிளைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலேற்றுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

பிளக் அடிப்பவரிடம் நிற வரிசையைக் கவனிக்கச் சொல்லுங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சையைப் பிரித்து நடுவில் நீலத்தை வைப்பது பலருக்கும் தவறாகத் தெரியும். ஜோடி ஜோடியாக வரிசையில் அடித்துவிடுவார்கள். சாதா டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியும், ஆனால் ஒரு ஜோடியின் சிக்னல் இன்னொன்றில் கலந்து வேகம் படுத்துவிடும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். இரண்டு கட்டடங்களுக்கு இடையே திறந்த வெளியில் செம்புக் கம்பி போகிறது. ஏற்காட்டுக் கோடை இடியில், பக்கத்தில் எங்காவது மின்னல் விழுந்தாலே அந்தக் கம்பியில் மின்னெழுச்சி ஏறி, மோடத்தையும் கம்ப்யூட்டரையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். வானம் கறுக்கத் தொடங்கியதுமே இரண்டு முனையிலும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிய பிறகு கேபிளைத் தொடக் கூடாது. பணம் ஒத்துவந்தால் அந்த 40 மீட்டருக்கு உலோகக் கம்பி இல்லாத ஃபைபர் இழுத்து, இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரின் ஒளியை லேன் சிக்னலாகவும், அதைத் திரும்ப ஒளியாகவும் மாற்றும் சிறு பெட்டி) வையுங்கள். ஃபைபரில் மின்சாரம் பாயாது, ஈரத்துக்கும் அசையாது. மருமகள் சம்பளத்துக்கே ஆதாரமான இணைப்பு என்பதால் நான் இதைத்தான் விரும்புவேன்.

கேபிள் மாற்றியும் அறுந்தால், வந்த செய்தியையும் அப்போதைய லிங்க் ஸ்பீடையும் குறித்து எழுதுங்கள்.