புதுக்கடைக்குப் பஸ் ஏற முன்னம்: அப்பீல் கேள்வி பதில்

புதுக்கடையெண்டால் கொழும்பில பெரிய நீதிமன்றங்கள் இருக்கிற இடம். வவுனியாவில இருந்துகொண்டு மில்காரர், ஒப்பந்தக்காரர், கம்பனிகளுக்காக வர்த்தக வழக்குகளில மேன்முறையீடு, அதுதான் அப்பீல், பேசுறதுதான் என்ர தொழில். வந்த கேள்விகளில கொஞ்சத்துக்கு இங்க பதில். வழக்கேட்டைப் பார்க்காமல் சொல்லுறன், அதால உங்கட சட்டத்தரணியிட்டக் கேளாமல் ஒண்டும் செய்துபோடாதேங்கோ.

நெடுங்கேணி, அரிசி மில்காரர்: நெல்லுக் காசு வழக்கில மாவட்ட நீதிமன்றத்தில தோத்துப்போனன், தங்கச்சி. அறுவடை முடிய ஆறுதலா அப்பீல் போடலாமோ?

ஆறுதல் எண்ட சொல்லை மறந்துவிடுங்கோ அண்ணை. தீர்ப்புச் சொல்லி 14 நாளுக்குள்ள அப்பீல் அறிவித்தல் போகோணும். அதில ஞாயிறும் அரச விடுமுறையும் கழியும், சனி கழியாது. கொழும்புக்கு ஓடத் தேவையில்லை, வழக்கு நடந்த அதே நீதிமன்றத்திலதான் குடுக்கோணும், எதிராளியின்ர வழக்குச் செலவுக்குப் பிணையோட. பிறகு மனு, தீர்ப்பு நாளில இருந்து 60 நாளுக்குள்ள. இந்த 60இல விடுமுறை கழிக்கிற கதையே இல்லை.

2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு உங்கட வழக்கு முதல்ல மாகாணக் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்துக்குத்தான் போகும். அங்கயும் தோத்தால் உயர் நீதிமன்றத்திட்ட அனுமதி கேக்கோணும். அதுக்கு 42 நாள்.

இன்னொண்டு: அப்பீல் போட்ட உடன தீர்ப்பு தன்பாட்டில நிண்டுவிடாது. வென்ற ஆள் காசை அறவிட எழுத்தாணை, அதாவது நீதிமன்றக் கட்டளை, கேக்கலாம். பெரிய நட்டம் வரும் எண்டு காட்டி, பிணையும் குடுத்தால்தான் தடுக்க ஏலும்.

மல்லாவி, உரக்கடை: விளக்கத்தில (வழக்கு விசாரணையில) காட்டாத ஒரு பில் இப்ப கிடைச்சிருக்கு. மேல காட்டினால் வெல்லலாம்தானே?

அனேகமா ஏலாது. எல்லாரும் பிழையா விளங்கி வைச்சிருக்கிற இடம் இதுதான். மேல உங்களை ஒருத்தரும் கூண்டில ஏத்தமாட்டினம். கீழ தட்டச்சில ஏறினதை மட்டும் வாசிப்பினம். சுத்தமான சட்டக் கேள்வி எண்டால் அப்பீலிலயும் புதுசாக் கிளப்பலாம். ஆர் எவ்வளவு காசு குடுத்தது எண்ட மாதிரிச் சங்கதியைப் புதுசாக் கொண்டுவர ஏலாது.

அதே மாதிரி, எதிராளி ஒரு போட்டோக் கொப்பியை 'நிரூபிக்கவேணும்' எண்ட நிபந்தனையோட அடையாளமிட்டு, பிறகு தன்ர பக்க வழக்கை முடிக்கிற நேரம் அதைச் சாட்சியமா வாசிக்கேக்க உங்கட சட்டத்தரணி வாய் திறக்காமல் இருந்தால், அது முழுச் சாட்சியமா மாறிவிடும். 1981இல துறைமுக அதிகாரசபை சம்பந்தப்பட்ட யூகோலினியா வழக்கில உயர் நீதிமன்றம் சொன்னது. நான் ஜூனியரா இருக்கேக்க ஒரு லொறிக் கணக்கு வழக்கில இப்பிடிப் பேசாமல் இருந்திருக்கிறன். சீனியர் என்னை ஏசேல்லை. வழக்கேட்டில அந்தப் பக்கத்தை மடிச்சு மேசையில வைச்சிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிட்டார்.

முல்லைத்தீவு, ஒப்பந்தக்காரர்: எங்கட வழக்கு முழுக்கத் தமிழில. மேல என்னெண்டு வாசிப்பினம்?

நல்ல கேள்வி. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி, மேல விசாரிக்கிற நீதிமன்றத்தின்ர மொழி வேறயெண்டால் பதிவேட்டை அந்த மொழியிலயும் ஆயத்தம் பண்ணோணும். அங்கதான் ஆபத்து. ஒருக்கா ஒரு சாட்சி, 'வயலை ஒற்றிக்குக் குடுத்தன்' எண்டார். மொழிபெயர்ப்பில அது குத்தகையா இறங்கியிருந்தது. ஒற்றியெண்டால் கடன் குடுத்தவர் வட்டிக்குப் பதிலா வயலை வைச்சு விளைச்சலை எடுப்பார். கடன் தீர்ந்தால் வயல் திரும்பும். குத்தகைக்காரன் கடன் குடுத்தவனில்லை. அந்த ஒரு சொல்லைத் தமிழ்ப் பக்கத்தோட வைச்சுக் காட்ட எனக்கு அரை நாள் போச்சு. அதால மொழிபெயர்ப்பு வந்த உடன பக்கம் பக்கமா ஒத்துப்பாருங்கோ. நீங்கள் சொன்ன சொல்லு உங்களுக்குத்தான் தெரியும்.

கிளிநொச்சி, சட்டம் படிக்கிற தம்பி: இந்தத் துறைக்கு வர என்ன செய்யவேணும் அக்கா?

முதல் சட்டத்தரணியா வாங்கோ. அப்பீலுக்கெண்டு தனிச் சோதினை இல்லை. நீதிமன்றத்தில பேசுற அட்வகேட், கடதாசி வேலை பார்க்கிற பிறக்டர் எண்ட பிரிவு 1974ஓட போச்சு. ஆனால் நடைமுறையில பிறொக்சி (கட்சிக்காரர் குடுக்கிற அதிகாரப் பத்திரம்) போடுறவர் ஒராள், எழும்பி நிண்டு பேசுறவர் வேற ஆள். பேசுறவரா வரோணுமெண்டால் ஒரு சீனியரின்ர அறையில வருசக்கணக்கா வழக்கேடு சுருக்கி எழுதோணும். 400 பக்கத்தை 4 பக்கமாக்கி, ஒவ்வொரு வரிக்கும் பக்க எண் போடப் பழகு. ஆங்கிலமும் வேணும், ஒளிச்சுச் சொல்லேல்லை. அதோட ஒரு வருசமாவது மாவட்ட நீதிமன்றத்தில விளக்கம் நடத்து. சாட்சியைக் குறுக்குக் கேள்வி கேட்டுப் பழகாத ஆளுக்கு வழக்கேட்டில என்ன இல்லையெண்டு கண்ணுக்குத் தெரியாது. உழைப்பு? முதல் அஞ்சு வருசம் பஸ் காசு மிஞ்சினால் பெரிய விசயம்.

பெயர் போடாதவர்: காசுக்காரருக்குத்தானே பேசுறீங்கள்?

ஓம், கூடுதலா அவைக்குத்தான். ஆனால் 2006இல இராமச்சந்திரன் வழக்கில, வேற ஆள் எடுத்த கடனுக்குத் தன்ர காணியை ஈடு வைச்சவரின்ர காணியை வங்கி வழக்கில்லாமலே ஏலம் போடேலாது எண்டு உயர் நீதிமன்றப் பெரும்பான்மை சொன்னதும் இதே வர்த்தகச் சட்டத்திலதான். பிறகு வந்த தீர்ப்புகள் கம்பனி இயக்குநர்களின்ர காணி விசயத்தில வேற பக்கம் திரும்பினது. வங்கிக்கும் பேசியிருக்கிறன், வங்கிக்கு எதிராவும் பேசியிருக்கிறன். ரெண்டு நாளும் நித்திரை வந்தது.

ஒட்டுசுட்டான், கல்குவாரி முதலாளி: வேலையால நிப்பாட்டின ஆளுக்குத் தொழில் நியாயசபை நட்டஈடு குடுக்கச் சொல்லிப்போட்டுது. அப்பீல்?

மாகாண மேல் நீதிமன்றத்துக்கு, 30 நாள். முதலாளி அப்பீல் போடுறதெண்டால் முதல் நியாயசபையில பிணைப்பணம் கட்டிச் சான்றிதழ் எடுக்கோணும். காசைப் புரட்டி வைச்சிட்டுக் கட்டளைக் கொப்பியோட வாங்கோ. ரெண்டு மாதச் சம்பளத்துக்கான சண்டையெண்டால், அந்த ஆளைக் கூப்பிட்டுக் கதைச்சுப் பாருங்கோ.